எது இரண்டு மடங்கு?

(நூலக வாசகர் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டம் போட்ட தாளில் ஓர் உருவத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெரிதாக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் அதை நான் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை. மதுரையில், ஒரு சினிமா தியேட்டருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது இருக்கும். புதுப்படம் வருகிறது என்றால் தியேட்டர் முகப்பில் துணியில் வரைந்த பேனர் எழும். இப்போதுபோல் கம்ப்யூட்டரில் அச்சடித்து எடுக்கும் ஃபிளக்ஸ் கிடையாது. எல்லாம் கையால் தீட்டியது. கொட்டகையில் ஓர் அண்ணன் வரைவார். சட்டை போடாமல், காதில் பென்சில் செருகிக்கொண்டு வேலை பார்ப்பார். அவர் கையில் எட்டுக்குப் பத்து அங்குலத்தில் ஒரு ஸ்டில் போட்டோ இருக்கும். சுவரில் பதினாறடிக்கு இருபதடியில் வெள்ளைத்துணி இழுத்துக் கட்டியிருக்கும்.

போட்டோவின் மேல் அரை அங்குலத்துக்கு ஒரு கோடாக, மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் பென்சிலால் கட்டம் போடுவார். பிறகு துணியில் ஓர் அடிக்கு ஒரு கோடு. அதற்கு ஸ்கேல் எல்லாம் கிடையாது. நூலைக் கலர்ப்பொடியில் புரட்டி, ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். கொத்தனாரும் தச்சரும் நூல் அடிப்பது போலத்தான். போட்டோவில் முந்நூற்றிருபது கட்டம், துணியிலும் முந்நூற்றிருபது கட்டம். ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒருநாள் என்னையும் வரையச் சொன்னார். கதாநாயகனின் இடது கண் விழும் கட்டம் என் பங்கு. நான் கண்ணைப் பார்த்து வரைந்தேன். மீன் மாதிரி வந்தது. அண்ணன் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "முகத்தைப் பார்க்காதடா தம்பி. கண்ணையும் பார்க்காத. கட்டத்தை மட்டும் பாரு. கோடு எந்தப் பக்கமா உள்ள வருது, எந்தப் பக்கமா வெளிய போகுது, அதைச் சொல்லு."

பார்த்தேன். "இடது பக்கத்துல, கீழே இருந்து மூணுல ஒரு பங்குல உள்ள வருதுண்ணே. மேல் கோட்டுல பாதியில வெளிய போகுது."

"அவ்வளவுதான். துணியில அதே மூணுல ஒரு பங்குல வை, அதே பாதியில எடு. நடுவுல வளைவு தானா வரும்."

துணிக் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் நான்கு அங்குலம். பாதி என்றால் ஆறு அங்குலம். வைத்தேன், எடுத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் அது வெறும் வளைந்த கோடு. தெருவின் அந்தப் பக்கம், டீக்கடை வாசலில் போய் நின்று திரும்பிப் பார்த்தபோது அது கண் இமையாக இருந்தது.

பிள்ளைகளே, அளவு காரணி என்று உங்கள் புத்தகம் சொல்வது இந்த அண்ணன் செய்ததைத்தான். அரை அங்குலக் கட்டம் ஓர் அடியானது. அரை அங்குலம் பன்னிரண்டு அங்குலமானால் இருபத்துநான்கு மடங்கு. படத்தில் இருக்கும் ஒவ்வொரு நீளமும் இருபத்துநான்கால் பெருகும். மூக்கின் நீளம், மீசையின் அகலம், இரண்டு கண்களுக்கும் நடுவிலுள்ள தூரம் எல்லாமே அப்படித்தான். கோணங்கள் மட்டும் அசையாது. மூக்கு நுனியின் சாய்வு போட்டோவில் என்னவோ, துணியிலும் அதே. நீளம் எல்லாம் ஒரே எண்ணால் பெருகி, கோணம் எதுவும் மாறாவிட்டால் அந்த இரண்டு உருவங்களும் வடிவொத்தவை.

கட்டத்தை வைத்து உருவத்தைப் பெருக்கும் இந்த வழி எவ்வளவு பழையது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எகிப்தில் பழைய கல்லறைகள் சில வேலை முடியாமலே நின்றுபோயிருக்கின்றன. அவற்றின் சுவர்களில் சிவப்புக் கட்டங்கள் இன்றும் தெரிகின்றன. நூலைச் சிவப்புச் சாயத்தில் நனைத்துச் சுண்டி விழவைத்த கோடுகள் அவை. நிற்கும் மனிதன் என்றால் உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை பதினெட்டுக் கட்டம் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். சுவர் பெரியதாக இருந்தாலும் சிறியதாக இருந்தாலும் பதினெட்டு பதினெட்டுதான். கட்டம்தான் பெருகும், சுருங்கும்.

நம் ஸ்தபதிகளும் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். உத்தம தசதாலம் என்னும் அளவுமுறையில் ஒரு படிமம் வடிக்க வேண்டும் என்றால், எடுத்துக்கொண்ட உயரத்தை 124 பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்குக்கு தேகாங்குலம் என்று பெயர். கடையில் வாங்கும் டேப்பில் இருக்கும் அங்குலம் வேறு, இது வேறு. இது அந்தப் படிமத்தின் உடம்பிலிருந்தே பிறக்கும் அளவு. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, முழங்கால் இத்தனை என்று எல்லாவற்றையும் அந்தப் பங்கில்தான் சொல்வார்கள். ஒரு சாண் உயரச் செப்புப் படிமத்துக்கும் ஆளுயரக் கற்சிலைக்கும் கணக்கு ஒன்றே. எனக்கு இதில் வியப்பு தீர்ந்தபாடில்லை. உருவத்தைப் பெரிதாக்க வேண்டாம், அலகைப் பெரிதாக்கு, உருவம் தானே பெரிதாகிவிடும் என்று யாரோ ஒரு கைவினைஞர் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்திருக்கிறார். பேனர் அண்ணனும் அதையே செய்தார்.

இப்போது தாளுக்கு வருவோம். வரைபடத்தாளில் (1,1), (4,1), (1,3) என்று மூன்று புள்ளிகள் வையுங்கள். சேர்த்தால் செங்கோண முக்கோணம். அடி மூன்று கட்டம், உயரம் இரண்டு கட்டம். ஆதிப்புள்ளியிலிருந்து இதை இரண்டு மடங்காக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் பெருக்குங்கள். (2,2), (8,2), (2,6). அடி ஆறு, உயரம் நான்கு. முடிந்தது.

இதில் ஆதிப்புள்ளிக்கு என்ன வேலை? கவனித்துப் பாருங்கள். ஆதியிலிருந்து பழைய முனை வழியாகக் கோடு போட்டு நீட்டினால் அது புதிய முனையில் போய் முட்டும். விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி மாதிரி. விளக்கு இருக்கும் இடம்தான் பெருக்கத்தின் மையம். விளக்கை நகர்த்தினால் நிழலும் நகரும். அதே முக்கோணத்தை (1,1) என்ற முனையையே மையமாக வைத்து இரண்டு மடங்காக்கினால் அந்த முனை அசையாது. மற்ற இரண்டும் (7,1), (1,5) என்று தள்ளிப்போகும். அளவு ஒன்றே, இருக்கும் இடம்தான் வேறு.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரே அளவான இரண்டு ரப்பர் பேண்டுகளை முடிச்சுப் போட்டு இணையுங்கள். ஒரு முனையை மேசையில் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மறுமுனையில் பென்சிலை மாட்டி, ரப்பரை விறைப்பாக இழுத்தபடி, நடுவில் இருக்கும் முடிச்சு படத்தின் கோட்டின் மேலேயே ஊர்ந்து போகும்படி பென்சிலை நகர்த்துங்கள். பென்சில் முனையில் இரண்டு மடங்குப் படம் விழும். கை கொஞ்சம் நடுங்கும், படமும் கோணும். பரவாயில்லை. விரல் அழுத்திய இடம் மையம் என்பது ஒருமுறை கைக்குப் புரிந்துவிட்டால் பிறகு மறக்காது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு மதிப்பெண் செய்முறை வடிவியல் வினா இருக்கிறது அல்லவா? முக்கோணம் PQR கொடுத்து, அளவு காரணி 7/4 என்று வடிவொத்த முக்கோணம் வரையச் சொல்வார்கள். Q-விலிருந்து குறுங்கோணத்தில் ஒரு கதிர் வரைந்து, ஏழு சம பாகம் குறித்து, நான்காவதை R-உடன் சேர்த்து, ஏழாவதிலிருந்து இணைகோடு இழுப்போம். படி மாறாமல் மனப்பாடமாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளிடம், "இதில் மையம் எங்கே?" என்று கேட்டிருக்கிறேன். விழித்திருக்கிறார்கள். Q-தான் மையம். விரல் அழுத்திய இடம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுக்காமல் ஏழு கோடு மட்டும் போடச் சொல்லிக்கொடுத்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதே 7/4 பற்றி இன்னொரு சேதி. பிரான்சில் கி புரூசோ என்று ஒரு கணிதக் கல்வி அறிஞர். அவர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்தார். அட்டையை வெட்டி அடுக்கும் புதிர்ப்படம் ஒன்று. குழுவில் ஆளுக்கொரு துண்டு. அதே படத்தைப் பெரிதாகச் செய்ய வேண்டும். சின்னதில் நான்கு சென்டிமீட்டர் இருப்பது பெரியதில் ஏழு சென்டிமீட்டராக வேண்டும். அவரவர் துண்டை அவரவர் வெட்டிவந்து கடைசியில் சேர்த்து அடுக்க வேண்டும். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? நான்கு ஏழானது, அப்படியானால் எல்லாவற்றோடும் மூன்றைக் கூட்டு என்று வெட்டினார்கள். துண்டுகள் சேரவில்லை.

இதைப் படித்துவிட்டு என் வகுப்பில் எளிய துண்டுகளை வைத்துச் செய்துபார்த்தேன். ஆறு சென்டிமீட்டர் விளிம்பு ஒன்று. அதை ஒட்டி நான்கும் இரண்டுமாக இரண்டு துண்டுகள். நான்கும் இரண்டும் ஆறு, கச்சிதமாக உட்காரும். என் பிள்ளைகளும் மூன்றைக் கூட்டித்தான் வெட்டினார்கள். நான்கு ஏழாச்சு, இரண்டு ஐந்தாச்சு, ஆறு ஒன்பதாச்சு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. ஒன்பதின் மேல் பன்னிரண்டை எப்படி உட்கார வைப்பது? ஒரு பையன் தன் கத்தரிக்கோல் சரியில்லை என்றான். ஒரு பெண், "நான் சரியாத்தான் வெட்டினேன், அவன்தான் தப்பா வெட்டியிருக்கான்" என்றாள். எல்லோரும் சரியாகத்தான் வெட்டியிருந்தார்கள். கூட்டியதுதான் பிழை. அரைமணி நேரம் கழித்து அந்தப் பெண்தான், "சார், ரெண்டு வந்து நாலில் பாதி. அப்ப ஏழில் பாதிதானே ஆகணும்? மூணரை!" என்றாள். ஏழும் மூன்றரையும் பத்தரை. ஆறை ஒன்றேமுக்காலால் பெருக்கினாலும் பத்தரை. உட்கார்ந்தது.

அட்டை சேராமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத்தான் பெருக்கலின் அருமை தெரியும். நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருந்தாலும் அந்த அரைமணிக்கு ஈடாகாது.

சரி, நீளம் பெருகும் கதை இது. இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. 'இரண்டு மடங்கு' என்று யாராவது சொன்னால், எது இரண்டு மடங்கு என்று கேளுங்கள். அளவு காரணி நீளத்தைப் பற்றிய எண் மட்டுமே. முதலில் போட்ட முக்கோணத்துக்குப் போங்கள். அடி மூன்று, உயரம் இரண்டு, பரப்பளவு மூன்று கட்டம். பெரிதாக்கியதில் அடி ஆறு, உயரம் நான்கு, பரப்பளவு பன்னிரண்டு கட்டம். இரண்டு மடங்குப் படத்துக்குள் நான்கு மடங்கு இடம். பேனர் அண்ணனுக்கு இருபத்துநான்கு மடங்கு என்றால் பரப்பு இருபத்துநான்கு தரம் இருபத்துநான்கு, 576 மடங்கு. அவர் டப்பா டப்பாவாகப் பெயின்ட் கரைத்தது ஏன் என்று இதில் தெரியும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியாததல்ல. மார்கழி மாதம் வாசலில் ஏழு புள்ளி ஏழு வரிசை வைத்துக் கோலம் போடுகிறார்கள். புள்ளிக்குப் புள்ளி மூன்று அங்குலம். அகலம் பதினெட்டு அங்குலம் வரும். தெரு அகலமாக இருக்கிறது, நாள் விசேஷம், பெரிதாகப் போட வேண்டும். இரண்டு வழி உண்டு. புள்ளிகளை ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகத் தள்ளி வைத்தால் அதே கோலம் மூன்றடியாகும். இதுதான் பெருக்கம். இல்லையென்றால் மூன்று அங்குல இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு பதின்மூன்று புள்ளியாக்கினாலும் மூன்றடிதான் வரும். ஆனால் அது வேறு கோலம். புள்ளி கூடினால் கோலம் மாறும், இடைவெளி கூடினால் கோலம் வளரும்.

ஏன் பதின்மூன்று, ஏன் பதினான்கு இல்லை என்று ஒரு சிறுமி கேட்பது போல் முகத்தை வைத்திருக்கிறாள். நல்ல கேள்விதான். ஏழு புள்ளிக்கு நடுவில் ஆறு இடைவெளிதான் இருக்கிறது. அளப்பது இடைவெளியை. ஆறு பன்னிரண்டானால் புள்ளி பதின்மூன்று.

மாவுக்கு வருவோம். இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் கோட்டின் நீளம் இரண்டு மடங்கு. விரலிடுக்கில் விழும் கோட்டின் தடிமன் மாறாது. ஆகவே கோலமாவு இரண்டு மடங்கு போதும். அதே கோலத்துக்கு உள்ளே கலர்ப்பொடி நிரப்பினால் அது பரப்பு. பொடி நான்கு மடங்கு வேண்டும். போன வருடம் ஒரு டப்பா பச்சை போதுமாக இருந்தது, இந்த வருடம் இரண்டு டப்பா வாங்கியும் பாதியில் தீர்ந்துவிட்டது என்று நிற்பவர்கள் நீளத்துக்குக் கணக்குப் போட்டுப் பரப்புக்குப் பொடி தூவியவர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். மூன்றடிக் கோலத்தில் ஒற்றைக் கோடு மெலிந்து தெரியும். சின்னக் கோலத்தில் இருந்த நிறைவு இராது. என் அம்மா அப்போது இரட்டை இழையாக இழுப்பார்கள். கோடு இரண்டு மடங்கு நீளம், இழை இரண்டு. மாவு நான்கு மடங்கு. கோட்டின் தடிமனும் ஒரு நீளம்தானே? அதையும் பெருக்கினால்தான் உருவம் உண்மையாகவே வடிவொத்ததாக இருக்கும். அம்மாவுக்கு அளவு காரணி தெரியாது. கோலம் 'எடுப்பா இல்லையே' என்று கண்ணுக்குத் தெரிந்தது.

நேரெதிர்க் கணக்கும் உண்டு. பரப்பு இரண்டு மடங்கு வேண்டும் என்றால் நீளத்தை எத்தனையால் பெருக்குவது? பிளாட்டோ எழுதிய 'மீனோ' என்ற உரையாடலில் சாக்ரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனிடம் இதைத்தான் கேட்கிறார். பக்கம் இரண்டடிச் சதுரம், பரப்பு நான்கு. எட்டு வேண்டும். பையன் பக்கத்தை நான்காக்கு என்கிறான். பதினாறு வந்துவிடுகிறது. மூன்றாக்கு என்கிறான். ஒன்பது வருகிறது. பிறகு சாக்ரட்டீஸ் மூலைவிட்டத்தைக் காட்டுகிறார். உங்கள் தாளிலேயே போடுங்கள். ஒரு கட்டத்தின் மூலைவிட்டத்தைப் பக்கமாக வைத்துச் சாய்வாக ஒரு சதுரம் வரையுங்கள். அதற்குள் அரைக் கட்டங்கள் நான்கு இருக்கும். நான்கு அரை இரண்டு. சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் எழும் சதுரம் இரண்டு மடங்கு என்று, வேள்வி மேடைக்கு அளவு சொல்லும் சுல்ப சூத்திரம் செய்த பௌதாயனரும் சொல்லியிருக்கிறார். அந்த நூலில் இரண்டின் வர்க்கமூலத்துக்கு ஒரு மதிப்பும் இருக்கிறது: ஒன்று, அதோடு மூன்றில் ஒன்று, அதோடு பன்னிரண்டில் ஒன்று, அதிலிருந்து 408-இல் ஒன்று போக. போட்டுப் பாருங்கள், ஐந்து தசம இடம் வரை சரியாக வரும்.

பரப்பை இரண்டு மடங்காக்கும் இந்த எண்ணை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஜெராக்ஸ் கடையில். ஏ4 தாளை ஏ3 ஆக்கச் சொன்னால் கடைக்காரர் 141 சதவீதம் என்ற பொத்தானை அழுத்துவார். திருப்பிச் சிறிதாக்க 71. ஏ3 என்பது இரண்டு ஏ4 தாள்களை ஒட்டி வைத்த அளவு. பரப்பு இரண்டு மடங்கு, ஆகவே நீளம் ஒன்று புள்ளி நான்கு ஒன்று மடங்கு. 210 மில்லிமீட்டர் 297 ஆகும், 297 என்பது 420 ஆகும். பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாத தாள் இது. 1786-இலேயே ஜெர்மானியப் பேராசிரியர் லிக்டன்பெர்க் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1922-இல் ஜெர்மனி இதைத் தரமாக்கியது. பிறகு உலகத்தில் பெரும்பகுதி ஏற்றுக்கொண்டது.

சுல்ப சூத்திரத்தில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த கணக்கு வேறொன்று. வேள்விக்குப் பருந்து வடிவத்தில் செங்கல் மேடை அடுக்குவார்கள். முதல் தடவை அதன் பரப்பு ஏழரைச் சதுர புருஷம். புருஷம் என்பது கைகளை மேலே தூக்கி நிற்கும் ஆளின் உயரம். அடுத்த தடவை எட்டரை, அதற்கடுத்து ஒன்பதரை, இப்படி 101½ வரை போகலாம். நிபந்தனை ஒன்று: பருந்தின் வடிவம் மாறக்கூடாது. இறகு நீண்டு உடல் அப்படியே நின்றால் ஆகாது. வால், தலை, சிறகு எல்லாம் ஒரே விகிதத்தில் வளர வேண்டும்.

அவர்கள் செய்த வழி இது. கூடுதலாக வந்த ஒரு சதுர புருஷத்தைப் பதினைந்து பங்காக்கு. அதில் இரண்டு பங்கை ஒரு சதுர புருஷத்தோடு சேர்த்து, சற்றுப் பெரிய புதிய சதுரம் ஒன்று செய். அந்தச் சதுரத்தின் பக்கம்தான் இனிமேல் உனக்குப் புருஷம். அந்த அலகில் பழைய கணக்குப்படியே ஏழரைப் பருந்தைக் கட்டு. பார்த்தீர்களா? மறுபடியும் கட்டத்தைத்தான் பெரிதாக்குகிறார்கள். அளவு காரணி பதினைந்தில் பதினேழின் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.065. பருந்து நீளத்தில் ஆறரை சதவீதம் வளர்ந்தால் பரப்பில் பதின்மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியிருக்கும். மனிதர்கள் கயிறும் முளைக்குச்சியும் மட்டும் வைத்துக்கொண்டு மண்ணில் இதைப் போட்டார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. கணபதி ஸ்தபதி அமைத்தது, 2000 ஜனவரி முதல் நாள் திறந்தார்கள். ஓர் அங்குலத்துக்குப் பத்தடி என்று அதன் சிறு உருவம் ஒன்றைக் கல்லில் செய்தால் பதின்மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, மேசையில் வைக்கலாம். அளவு காரணி 120. தோலின் பரப்பு 14,400 மடங்கு. உள்ளே அடைந்திருக்கும் கல் 17,28,000 மடங்கு. மேசைச் சிலையில் ஒரு கிலோ கல் இருந்தால், அதே விகிதத்தில் திடமாகச் செய்த பெரிய சிலைக்கு 1,728 டன். அதைத் தாங்கும் பாதத்தின் பரப்போ 14,400 மடங்குதான் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சதுர அங்குலமும் 120 மடங்கு பாரம் சுமக்க வேண்டும். பெரிய விலங்கின் எலும்பு சின்ன விலங்கின் எலும்பைவிடப் பருமனில் விகிதம் மீறித் தடித்திருக்க வேண்டும் என்று கலிலியோ 1638-இல் வெளிவந்த நூலில் படம் போட்டே காட்டியது இதனால்தான். காகிதத்தில் பெருக்குவது போல் கல்லில் பெருக்க முடியாது. இது தனிச் சொற்பொழிவுக்கான விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நேரமாகிவிட்டது. ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். என் ஊரில் நடந்தது.

அண்ணன் தம்பி இருவர். தகப்பனார் காலமாகிப் பாகம் பிரிக்கும் நேரம். பத்திரத்தில் எண்பது சென்ட். மூத்தவர் ஒரு நாள் இரவு என் வீட்டுக்கு வந்தார். கையில் எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடத்தின் நகல் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், பாதி நிலத்தைக் காணோம் சார். ஸ்கேல் வச்சு நானே அளந்தேன். நாப்பது சென்ட்தான் வருது. தம்பி எனக்குத் தெரியாம ஏதோ பண்ணிட்டான்."

நகலை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் 1:1000 என்று இருந்தது. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் பத்து மீட்டர். நான் என் ஸ்கேலை வைத்தேன். ஒரு பக்கம் நாலேகால் சென்டிமீட்டர், மறுபக்கம் மூன்று புள்ளி எட்டு. நாற்பத்திரண்டரை மீட்டருக்கு முப்பத்தெட்டு மீட்டர். 1,615 சதுர மீட்டர். ஒரு சென்ட் நாற்பது சதுர மீட்டர் சொச்சம். நாற்பது சென்ட்தான். அவர் கணக்கில் பிழை இல்லை.

"இது எங்கே எடுத்த நகல்?" என்று கேட்டேன்.

"மூலம் பெரிய தாள் சார். பைக்குள்ள வைக்க வசதியா இருக்கட்டும்னு ஜெராக்ஸ்ல சின்னதாக்கித் தரச் சொன்னேன்."

ஏ3 ஏ4 ஆகியிருக்கிறது. 71 சதவீதம். நீளம் எல்லாம் பத்தில் ஏழாகச் சுருங்கியது, பரப்பு பாதியானது. ஆனால் ஓரத்தில் அச்சடித்த 1:1000 என்ற எழுத்து மட்டும் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. எழுத்து சிறிதாகலாம், அது சொல்லும் எண் சிறிதாகாதே. வரைபடங்களில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு போட்டு, இந்தக் கோட்டின் நீளம் தரையில் நூறு மீட்டர் என்று காட்டியிருப்பார்கள் அல்லவா? அந்தக் கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும், படத்தோடு சேர்ந்து வளரும். அதனால் அது பொய் சொல்லாது. இவர் நகலில் அந்தக் கோடு இல்லை.

இதை அவருக்குப் புரியவைக்க வரைபடத்தாள் எடுத்தேன். பத்துக்குப் பத்து கட்டத்தில் ஒரு சதுரம். நூறு கட்டம். பக்கத்திலேயே ஏழுக்கு ஏழு. நாற்பத்தொன்பது கட்டம். அவரையே எண்ணச் சொன்னேன். விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

பிறகு நகலில் புல எல்லைக் கோடுகளின் மேல் பொடி எழுத்தில் மீட்டர் எண்கள் எழுதியிருப்பதைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, தாளை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தார். ஒரு பக்கம் 60. ஒரு பக்கம் 54. பெருக்கினால் 3,240. எண்பது சென்ட்.

மறுநாள் காலை தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டு மூவரும் வயலுக்குப் போனோம். டேப்பின் ஒரு முனையைத் தம்பி கிழக்கு வரப்பில் பிடித்துக்கொண்டார். அண்ணன் மறுமுனையை இழுத்துக்கொண்டு வரப்போடு நடந்தார். முப்பது மீட்டர் டேப். ஒரு முளைக்குச்சி அடித்து, இரண்டாவது முறை இழுத்தார். மேற்கு மூலைக் கல்லில் டேப் தொட்டபோது குனிந்து எண்ணைப் பார்த்தார். அங்கிருந்தே தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "அறுபது இருக்குடா" என்றார்.